மெல்லிய குரல் உங்கள் காதுக்கு வந்த கதை

இரகசியம் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் ஒருவர் பாடுகிறார். அந்தப் பாட்டை ஒரு நகரம் முழுவதும் கேட்கிறது. இரகசியம் என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தானே கேட்க வேண்டும்? நகரத்துக்கே கேட்க வேண்டுமென்றால் கத்தித்தானே ஆக வேண்டும்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை அப்படித்தான் இருந்தது. இன்று அப்படி இல்லை. இடையில் நடந்த மாற்றத்திற்குப் பின்னால் இருப்பது இயற்பியல். அந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் எது தெரியுமா? ஜாஸ் பாடகர்களின் குரலுக்காகவே நடத்தப்படும் வாராந்தர வானொலி நிகழ்ச்சி.

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே பிறந்து, 20ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய இசை. எக்காளம், சாக்சஃபோன், பியானோ, முரசு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நாம் இங்கே பார்க்கப்போவது குரலை மட்டும்தான். பாடகரின் தொண்டையிலிருந்து புறப்படும் ஒரு மெல்லிய குரல் உங்கள் காதை அடையும்வரை அதற்கு எத்தனை ஆபத்துகள் வருகின்றன, ஒவ்வோர் இடத்திலும் அதை யார் காப்பாற்றுகிறார்கள் என்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமைப் படைப்பாளர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நுவார்க் என்றொரு நகரம். ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூயார்க். நுவார்க்கிலிருந்து 88.3 அலைவரிசையில் ஒலிக்கும் டபிள்யூபிஜிஓ, ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்ற பொது வானொலி நிலையம். அதில் மைக்கேல் போர்ன் என்ற படைப்பாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சிங்கர்ஸ் அன்லிமிட்டெட்’ என்ற நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார். முழுக்க முழுக்கப் பாடகர்களுக்கான நிகழ்ச்சி அது. அவர் 2022ஆம் ஆண்டில் காலமானார்.

நுவார்க்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஜாஸ் உலகின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்றாகக் கருதப்படும் சேரா வான் 1924ஆம் ஆண்டில் பிறந்தது அந்த ஊரில்தான்.

இப்படியொரு நிகழ்ச்சியை நடத்துபவரின் வேலை, பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்புவது மட்டுமல்ல. ஒவ்வொரு பாட்டிலும் குரல் எந்த நொடியில் தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னிசை 14 நொடிதான் என்றால், அவருடைய பேச்சு அதற்குள் முடிந்தாக வேண்டும். பாடகரின் முதல் சொல்லின்மேல் படைப்பாளரின் குரல் ஏறிவிட்டால் அந்தப் பாட்டு கெட்டது. 1930ஆம் ஆண்டுகளின் தேய்ந்த இசைத்தட்டுக்கு அடுத்து நேற்றுப் பதிவான பாட்டு வரலாம். இரண்டின் ஒலி அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் கேட்பவர் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் அலுத்துப்போவார். ஆகவே அந்த நாற்காலியில் அமர்பவருக்கு இசை அறிவோடு அறிவியல் அறிவும் வேண்டும்.

ஒலிவாங்கி இல்லாத காலம்

1925ஆம் ஆண்டுக்கு முன் பாட்டைப் பதிவு செய்ய மின்சாரம் பயன்படவில்லை. பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்குள் பாடுவார். குழாயின் மறுமுனையில் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வோடு ஓர் ஊசி. கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பாடகரின் குரல் சவ்வை அசைக்கும். சவ்வு ஊசியை அசைக்கும். ஊசி மெழுகில் கோடு கீறும். அவ்வளவுதான்.

இங்கே ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். மெழுகைக் கீறத் தேவையான ஆற்றல் முழுவதும் பாடகரின் நுரையீரலிலிருந்தே வந்தது. சாதாரணமாகப் பேசும்போது நம் குரலின் சராசரி ஒலித்திறன் ஒரு வாட்டில் சுமார் ஒரு இலட்சத்தில் ஒரு பங்குதான். அதிலும் ஒரு சிறு பகுதியே ஊசியை எட்டியது. மெல்லப் பாடினால் மெழுகில் எதுவுமே பதியாது. பதிந்த ஒலியிலும் சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே தேறியது.

ஆகவே அந்தக் காலத்தில் பாடகர் என்றாலே உரத்த குரல் உள்ளவர். ‘புளூஸ்’ பாடகி பெசி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரங்களிலும் நாடக அரங்குகளிலும் ஒலிவாங்கி இல்லாமல் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடியவர். 1923ஆம் ஆண்டில் அவர் செய்த முதல் பதிவுகள் கூம்புக் குழாயில் பாடியவைதான். அந்தக் குரலுக்கு அது கட்டுப்பட்டது. மென்மையாகப் பாடியவர்கள் எத்தனை பேர் அந்தக் காலத்தில் வாய்ப்பே இல்லாமல் போனார்களோ, அவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

5 சென்டிமீட்டர் கணக்கு

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்வர்ட் வென்ட் மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். ஒலியை மின்சாரமாக மாற்றிவிட்டால் ஒரு பெரிய வசதி: மின்சாரத்தைப் பெருக்கலாம். வெற்றிடக் குழாய்ப் பெருக்கி அந்த வேலையைச் செய்தது. 1925ஆம் ஆண்டில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் மின்முறைப் பதிவுக்கு மாறின. ஊசியை அசைக்கும் ஆற்றல் இனி பாடகரின் நுரையீரலிலிருந்து வர வேண்டியதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். கிசுகிசுப்பின் அளவு சுமார் 30 டெசிபல். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். டெசிபல் அளவுகோலில் 10 கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு கூடும். 30 கூடினால் 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு. பேச்சுக்கும் கிசுகிசுப்புக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு!

அந்த ஆயிரம் மடங்கை எப்படி ஈடுகட்டுவது? எதிரிடை இருமடி விதி உதவுகிறது. ஒலி பரவும்போது, தூரம் இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். ஒலிவாங்கி உங்கள் வாயிலிருந்து 160 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 80, 40, 20, 10, 5 சென்டிமீட்டர் என்று பாதி பாதியாக அருகில் கொண்டுவாருங்கள். ஐந்து முறை பாதியாக்கினோம். ஒவ்வொரு முறையும் 4 மடங்கு. 4 × 4 × 4 × 4 × 4 = 1,024.

பார்த்தீர்களா? ஒலிவாங்கியை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், கிசுகிசுப்பும் சற்று எட்டி நின்று பேசும் பேச்சும் ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ ஒன்றே. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்த ஒரு கணக்கு இசை வரலாற்றையே மாற்றியது. பில்லி ஹாலிடே 1933ஆம் ஆண்டில் பதிவு செய்யத் தொடங்கினார். அவருடையது பெரிய குரலன்று. குரலின் வீச்சும் அகலமானதன்று. ஒரு சொல்லைச் சற்றுத் தாமதித்துப் பாடுவது, ஓர் எழுத்தை மெல்ல வளைப்பது போன்ற நுணுக்கங்களே அவருடைய பலம். கூம்புக் குழாயின் காலத்தில் அந்த நுணுக்கங்கள் மெழுகைத் தொட்டிருக்காது. இன்று ஜாஸ் பாடகர்களுக்கான எந்த வானொலி நிகழ்ச்சியிலும் அவருடைய குரலைத் தவிர்க்க முடியாது. நல்ல குரல் என்றால் என்ன என்ற எண்ணத்தையே ஒரு கருவி மாற்றிவிட்டது.

அருகில் வந்தால் குரல் ஏன் கனக்கிறது?

வானொலிப் படைப்பாளர்களின் குரல் நேரில் கேட்பதைவிட வானொலியில் ஆழமாகக் கேட்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி அவர்களின் பயிற்சி. மீதி இயற்பியல்.

1930ஆம் ஆண்டுகளில் ஆர்சிஏ நிறுவனத்தின் ‘ரிப்பன்’ ஒலிவாங்கிகள் வானொலி நிலையங்களில் பரவலாயின. அவற்றின் உள்ளே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கும். பட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கும். இரு பக்கங்களிலும் உள்ள காற்றழுத்த வேறுபாடே பட்டையை அசைக்கிறது. காந்தப்புலத்தில் கடத்தி அசைந்தால் மின்னழுத்தம் பிறக்கும்; இதை மின்காந்தத் தூண்டல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் செல்ல ஒலி 3 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்வதாகக் கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதற்கு 3 சென்டிமீட்டர் என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே தாழ்ந்த ஒலியில் முன்பின் அழுத்த வேறுபாடு மிகச் சிறியது. இந்தக் குறையை ஈடுகட்டித்தான், தூரத்து ஒலியில் எல்லாச் சுருதிகளும் சமமாகக் கேட்கும்படி ஒலிவாங்கியை வடிவமைக்கிறார்கள்.

பாடகர் 5 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால்? ஒலி முன்பக்கத்தை அடைய 5 சென்டிமீட்டர். பின்பக்கத்தை அடைய 8. தூரம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதால், முன்பக்க அழுத்தம் பின்பக்கத்தைப்போல் 1.6 மடங்கு. ஒரு மீட்டர் தொலைவில் இதே விகிதம் 1.03தான். அருகில் வரும்போது ஒரு புதிய அழுத்த வேறுபாடு சேர்கிறது. அது தாழ்ந்த ஒலிகளுக்குத்தான் பெரிய ஊக்கம், ஏனென்றால் அவற்றிடம் முன்பு இருந்தது மிகக் குறைவு. இதை ‘அண்மை விளைவு’ என்று சொல்லலாம். பிங் குரோஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா போன்ற பாடகர்கள் இதை நன்றாக அறிந்து பயன்படுத்தினார்கள். மென்மையான சொல்லுக்கு நெருங்கி, உரத்த சொல்லுக்கு விலகி, ஒலிவாங்கியையே ஓர் இசைக்கருவியாக ஆக்கினார்கள்.

‘ப’ என்னும் சிறு புயல்

நெருங்கினால் ஆபத்தும் உண்டு. உங்கள் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பப்பாளி’ என்று தமிழில் சொல்லுங்கள். பிறகு ‘பேப்பர்’ என்று ஆங்கில உச்சரிப்பில் அழுத்தமாகச் சொல்லுங்கள். எதில் காற்று அதிகமாக அடிக்கிறது? ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில்தான். ஆங்கிலத்தில் அந்த ஒலியோடு ஒரு மூச்சும் சேர்ந்து வெளியேறுகிறது. தமிழில் அது மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் ஒலிவாங்கிக்கு நண்பன்!

அந்தக் காற்று ஒலி அலை அன்று, சிறு காற்றுவீச்சு. அது ஒலிவாங்கியில் பட்டால் ‘டப்’ என்று வெடிக்கும். ஒலிவாங்கிக்கு முன்னால் வட்ட வளையத்தில் கட்டிய மெல்லிய வலைத்துணியைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றுவீச்சைச் சிதறடிக்கிறது. ஒலி அலையோ துணியைத் தாண்டி எளிதாகப் போய்விடுகிறது. துணி இல்லையென்றால் ஒலிவாங்கியை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பேசலாம். உங்கள் பள்ளிச் சபை கூடலில் பேசும்போதும் இதைச் செய்து பாருங்கள்.

நிலையத்தின் அமைதி

ஒலிபரப்பு அறையில் படைப்பாளர் ஏன் எப்போதும் ஹெட்ஃபோன் அணிந்திருக்கிறார்? அழகுக்காக அல்ல. ஒலிவாங்கி திறந்திருக்கும்போது அறையின் ஒலிபெருக்கியும் ஒலித்தால், ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் போகும், பெருகி மறுபடி ஒலிபெருக்கிக்கு வரும், மறுபடியும் ஒலிவாங்கிக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி சிறிதளவு கூடினாலும் போதும், சில நொடிகளில் அது கீச்சென்று அலறும். பள்ளி மண்டபத்தில் அந்த அலறலை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதனால்தான், ஒலிவாங்கியைத் திறந்தவுடன் ஒலிபெருக்கி தானாகவே அடங்கும்படி ஒலிபரப்பு அறைகளில் ஏற்பாடு செய்திருப்பார்கள்.

சுவர்களில் ஒலியை உறிஞ்சும் மென்பொருட்களும் இருக்கும். வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலந்து சொல்லைக் கலங்கடிக்கும். மெல்லிய குரலுக்கு அமைதி தேவை. வெள்ளைத் தாளில் பென்சில் கோடு தெரியும். கிறுக்கிய தாளில் தெரியாது. அறிவியலில் இதைக் குறிப்பொலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்கிறோம்.

பழைய இசைத்தட்டுகளில் இந்த இரைச்சல்தான் பெரிய சிக்கல். ஊசி உரசும் ‘ஸ்ஸ்’ ஒலிக்கு நடுவே குரலைத் தேட வேண்டும். காந்த நாடா வந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மனியில் வளர்ந்த அந்தத் தொழில்நுட்பத்தை, 1947ஆம் ஆண்டில் பிங் குரோஸ்பி தம்முடைய வாராந்தர வானொலி நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். நாடாவில் பதிந்ததைப் பிளேடால் வெட்டி ஒட்டலாம். நேரடி ஒலிபரப்பில் முடியாத திருத்தங்கள் முடிந்தன. இன்று நீங்கள் கைப்பேசியில் காணொளியை வெட்டி ஒட்டுகிறீர்களே, அதன் பாட்டன் அந்த நாடாதான்.

குரலை நசுக்கும் கருவி

இப்போது மெல்லிய குரல் நிலையத்தை விட்டுக் கிளம்பப்போகிறது. அது போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது? பலர் வானொலி கேட்பது காரில்.

ஓடும் காருக்குள் சுமார் 65 டெசிபல் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாடகர் மிக மெல்லத் தொடங்கி, உச்சத்தில் உரக்கப் பாடுகிறார். இரண்டுக்கும் இடைவெளி 40 டெசிபல். ஓட்டுநர் உச்சம் 80 டெசிபலாகக் கேட்கும்படி வானொலியை வைத்திருக்கிறார். அப்படியானால் மெல்லிய பகுதி 40 டெசிபல்தான். 65 டெசிபல் இரைச்சலில் அது மூழ்கிவிடும்.

இதற்காக நிலையங்கள் ‘கம்ப்ரசர்’ என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. அது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குகிறது. நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால், 40 டெசிபல் இடைவெளி 10 டெசிபலாகக் குறையும். உச்சம் 80 என்றால் மெல்லிய பகுதி 70. இரைச்சலைத் தாண்டிக் கேட்கிறது. வெற்றி!

வெற்றிதானா? மீண்டும் பாருங்கள். கிசுகிசுப்பும் அழுகுரலும் இப்போது கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒலிக்கின்றன. பாடகர் எதற்காக மெல்லத் தொடங்கினாரோ அந்த நோக்கமே போய்விட்டது. குரலைக் காப்பாற்றப் போய் அதன் உயிரை எடுத்துவிட்டோம். ஜாஸ் பாடகர்களுக்கான நிகழ்ச்சியில் இது சாதாரணச் சிக்கல் அன்று. எவ்வளவு சுருக்குவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. காரில் கேட்பவருக்கும் வீட்டில் அமைதியாக அமர்ந்து கேட்பவருக்கும் நடுவே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பாட்டின் போக்கு தெரிந்த படைப்பாளர், கருவியை மட்டும் நம்பாமல், ஒலி அளவுக் கட்டையின்மேல் விரலை வைத்துத் தாமே மெல்ல ஏற்றியும் இறக்கியும் சமாளிப்பதுண்டு.

ஒரே நீளம், இரண்டு அலைகள்

88.3 என்றால் என்ன? அந்த நிலையத்தின் வானொலி அலை நொடிக்கு 88.3 மில்லியன் முறை அதிர்கிறது என்று பொருள். நம் சிங்கப்பூரின் ஒலி 96.8 என்றால் 96.8 மில்லியன் முறை. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 88.3 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர்.

இந்த எண்ணைச் சற்று முன்பு பார்த்தோமே! 100 ஹெர்ட்ஸ் கொண்ட தாழ்ந்த குரலின் அலைநீளமும் 3.4 மீட்டர்தான். நீளம் ஒன்று, ஆனால் ஒலி அலை நொடிக்கு 340 மீட்டர் போகிறது, வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் போகிறது. ஒலி அலைக்குக் காற்று வேண்டும். வானொலி அலைக்கு எதுவும் வேண்டாம்.

குரலை வானொலி அலையின்மேல் ஏற்ற இரண்டு வழிகள். ஒன்று, அலையின் உயரத்தை, அதாவது வீச்சை, குரலுக்கேற்ப மாற்றுவது. இது ஏஎம். மின்னல் வெட்டும்போது அதுவும் அலையின் வீச்சைத்தான் கெடுக்கிறது. நம் ஊர்களில் இடியும் மின்னலும் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. மெல்லிய குரல் அந்தக் கரகரப்பில் காணாமற்போகும்.

இரண்டாவது வழியைச் செம்மைப்படுத்தியவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1933ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீச்சைத் தொடாமல் அதிர்வெண்ணை மாற்றுவதே அவர் முறை. இதுதான் எஃப்எம். படைப்பாளர் பேசாமல் இருக்கும்போது அலை சரியாக 88.3இல் நிற்கும். ஒலி வந்தால் அதைச் சுற்றி ஊசலாடும். மிக உரத்த ஒலிக்கு 88.225 முதல் 88.375 வரை. கிசுகிசுப்புக்கு மிகச் சிறிய ஊசல். பாடகர் 440 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடினால் நொடிக்கு 440 முறை ஊசலாடும். எவ்வளவு தூரம் என்பது ஒலியின் உரப்பு. எத்தனை முறை என்பது சுருதி. உங்கள் வானொலிப் பெட்டி வீச்சின் மாற்றங்களைச் சீவித் தள்ளிவிட்டு, அதிர்வெண் மாற்றத்தை மட்டும் படிக்கிறது. மின்னலின் பெரும்பகுதி அங்கேயே கழிந்துபோகிறது.

1935ஆம் ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்ட்ராங் இதை நியூயார்க்கில் பொறியாளர்களுக்குச் செய்து காட்டினார். அவர் தேர்ந்தெடுத்தது பீரங்கி முழக்கத்தை அன்று. ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றப்பட்டது, காகிதம் கசக்கப்பட்டது. அந்தச் சின்ன ஓசைகள் அப்படியே கேட்டன. ஒரு கருவியின் திறமையை அறிய அதனிடம் மெல்லிய ஒலியைக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் அதிகத் தூரம் போகாது. கடல் தாண்ட வேண்டுமானால் சிற்றலை வேண்டும். அது வானத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து பூமிக்குத் திரும்பும். வில்லிஸ் கோனோவர் என்ற அமெரிக்கர் 1955ஆம் ஆண்டு முதல் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியின் சிற்றலையில் ஜாஸ் நிகழ்ச்சியை நடத்தினார். சிற்றலை ஒலி ஏறி இறங்கும், கரகரக்கும். கேட்பவர்களில் பலருக்கு ஆங்கிலமும் அரைகுறை. ஆகவே அவர் ஆழ்ந்த குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக உச்சரித்தார். கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் அவருக்கு ஏராளமான இரசிகர்கள். ஊடகத்தின் குறையைப் புரிந்துகொண்டு பேசும் முறையை மாற்றிக்கொண்டவர் அவர்.

மாற்ற முடியாத கடைசிக் கருவி

ஒலிவாங்கி, நாடா, கம்ப்ரசர், அலைபரப்பி, வானொலிப் பெட்டி. இத்தனையும் தாண்டி வந்த மெல்லிய குரலுக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. அது உங்கள் காது.

உட்காதில் நத்தை ஓடுபோன்ற ஓர் உறுப்பு. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலி வரும்போது அவை அசைந்து மின்குறிப்புகளை மூளைக்கு அனுப்புகின்றன. ஒருவகையில் பார்த்தால் அவையே உங்கள் சொந்த ஒலிவாங்கிகள். ஒலிவாங்கி பழுதானால் கடையில் புதிது வாங்கலாம். மனிதனின் மயிர்ச்செல் இறந்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை.

வேலையிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு இது: 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி. 91க்கு 2. 94க்கு 1. 97க்கு அரை மணி. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். எம்ஆர்டியில் போகும்போது ரயிலின் இரைச்சலை மறைக்க ஒலியைக் கூட்டுகிறோமே, அந்த நேரத்தில் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சேதம் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளில் தொடங்கும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகள் முதலில் மங்கும். வலிக்காது, உடனே தெரியவும் தெரியாது. ஒருநாள் யாரோ மெல்லப் பேசுவது மட்டும் கேட்காமல் போகும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் மின்விசிறி சுழலும் அறையில் கைப்பேசியின் குரல்பதிவுச் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தை ஒரே அளவில் மெல்லச் சொல்லுங்கள். முதலில் 160 சென்டிமீட்டர் தொலைவில், பிறகு 5 சென்டிமீட்டரில். இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள். பல கைப்பேசிகள் ஒலி அளவைத் தாமாகவே சரிசெய்யும். அதனால் தொலைவில் பதிந்த குரலும் ஓரளவு உரக்கக் கேட்கலாம். ஆனால் அதோடு மின்விசிறியின் இரைச்சலும் ஏறியிருக்கும். பெருக்கினால் குரல் மட்டும் பெருகாது, இரைச்சலும் சேர்ந்து பெருகும். அருகில் வந்தால் குரல் மட்டும் பெருகும். வித்தியாசம் புரிகிறதா?

அடுத்து, நண்பர்களோடு சேர்ந்து பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரியுங்கள். எந்த இசையாக இருந்தாலும் சரி. மூன்று பாடல்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னிசையையும் கடிகாரம் வைத்து அளந்து, குரல் தொடங்குமுன் உங்கள் பேச்சை முடியுங்கள்.

அறிவிப்பாளராக யாரைப் போடுவது என்று பேசும்போது, வகுப்பில் உரத்த குரல் உள்ளவரையே உடனே தேடாதீர்கள். “என் குரல் யாருக்கும் கேட்காது” என்று பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவரையும் அழையுங்கள். அந்தக் குரலுக்குத் தேவையானது ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் ஓர் ஒலிவாங்கியும், கேட்பதற்கு ஆரோக்கியமான சில காதுகளும்தான்.